ஒன்பதாம் கட்டத்தில் உண்மையை எழுதிய குற்றம்

அனுப்புநர்:
எடை இயந்திரம் பழுதுபார்ப்பவர்,
(தங்கள் கோப்பு எண் 4417-இல் உள்ள மாணவியின் தந்தை),
பேருந்து நிலையத்தின் பின்வாசல்,
மாடிப்படிக்கு அடியிலுள்ள கடை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாணவர் நிதியுதவி இயக்குநரகம்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் ஓடாத பக்கம்).

பொருள்: தாங்கள் கொடுத்த உதவித்தொகையையே எங்கள் வருமானமாகக் கணக்கிட்டு, அதனால் எங்களுக்கு வசதி வந்துவிட்டதென்று உதவித்தொகையை நிறுத்தியது, அந்த வருமானத்துக்கு வரியும் வாங்கப்பட்டது, இறுதியாண்டுக் கட்டணம் செலுத்த இம்மாதம் 20 கடைசி நாள், தங்கள் உத்தரவு வேண்டி.

பார்வை: 1. தங்கள் நிராகரிப்புக் கடிதம். 2. வரி அலுவலக அறிவிப்பு. 3. நான் வரி கட்டிய ரசீது (கட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது). 4. அந்த வரியைத் திருப்பித் தரும் ஆணை (வாங்கியிருக்கக் கூடாது என்று அதன்பின் தெரிந்தது).

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. முதலில் என் நன்றி. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்தியும் என்னால் முடியாததைத் தங்கள் அலுவலகம் ஒரே கடிதத்தில் முடித்துவிட்டது. எங்கள் குடும்பம் உச்சவரம்பைத் தாண்டிய குடும்பமாம். கடிதம் வந்த நேரத்தில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நிறைந்த வாளியை எடுத்துவிட்டுக் காலி வாளியை வைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடுதான் அந்த நற்செய்தியைப் படித்தேன். கடிதத்தின் அடியில் "தங்கள் முன்னேற்றத்தில் மகிழும் இயக்குநரகம்" என்று அச்சிட்டிருந்தது. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள எங்களால் இயலாமல் போனதற்கு வருந்துகிறேன்.

2. நான் கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள எடை இயந்திரங்களைப் பழுதுபார்த்து, சரிபார்த்து, ஈய முத்திரை வைத்துக் கொடுப்பவன். என் மனைவி குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயாவாக வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். எக்ஸ்ரே எடுக்கும் தொழில்நுட்பப் படிப்பில் இறுதியாண்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான். படிப்பினால் வந்த பெயரன்று; சின்ன வயதிலிருந்தே எதை ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இந்த மனுவின் கடைசிப் பகுதியை அவளிடமிருந்து ஒளித்துத்தான் எழுதுகிறேன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

3. தாங்கள் விரும்பும் விவரங்கள் வருமாறு: கடையில் எனக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். மனைவிக்கு எண்பத்து நான்காயிரம். ஆக இரண்டு லட்சத்து எண்பதாயிரம். உதவித்தொகைக்கான உச்சவரம்பு மூன்று லட்சம். கணவன், மனைவி இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் வரி விலக்கின் வரம்பும் அதே மூன்று லட்சம். இரண்டு வரம்புக்கும் கீழே, யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்துவந்தோம். கடந்த ஈராண்டும் மகளுக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் உதவித்தொகை கிடைத்தது. அதில் இருபத்தெட்டாயிரம் கல்லூரிக் கட்டணம். அது தங்களிடமிருந்து நேரே கல்லூரிக்குப் போய்விடும், நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. மீதிப் பன்னிரண்டாயிரம் விடுதிச் சாப்பாட்டுக்கு. அதை அவள் சாப்பிட்டுவிட்டாள். இதை மறைக்க விரும்பவில்லை.

4. இந்த ஆண்டு தங்கள் படிவம் புதிதாக்கப்பட்டது. பழைய படிவத்தில் எட்டுக் கட்டங்கள், புதியதில் ஒன்பது. ஒன்பதாவது கட்டத்தின் தலைப்பு: "எவ்வகையினும் பெறப்பட்ட இதர வருமானம்." எவ்வகையினும் என்ற அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்துக் கைகொடுக்க ஆசை. உலகத்தில் எதுவும் அதிலிருந்து தப்ப முடியாது. கடை வாசலில் கண்டெடுத்த நாணயமும் எவ்வகையினும்தான். உறவினர் வீட்டில் கட்டிக் கொடுத்த பழமும் எவ்வகையினும்தான். அந்தச் சொல் இரண்டு நாள் என் மண்டையைக் குடைந்தது.

5. தங்கள் அலுவலக வாசலில் மடக்கு மேசை போட்டுப் படிவம் நிரப்பித் தருபவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் 'பேனா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் எனக்கு நல்ல புத்திதான் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுட்டுப் போங்கண்ணே. எல்லாரும் கோடுதான் போடறாங்க." நான் கேட்கவில்லை. காரணம் என் தொழில். ஒன்றும் வைக்காத தட்டு இரண்டு கிராம் காட்டினால் அந்த இயந்திரத்தை நான் வெளியே அனுப்புவதில்லை. ஏதோ இருக்கும் இடத்தில் பூஜ்யம் காட்டினால் கட்டாயம் அனுப்புவதில்லை. வந்ததை வரவில்லை என்று கோடு போட என் கை போகவில்லை. ஆகவே ஒன்பதாம் கட்டத்தில், தெளிவான கையெழுத்தில், "நாற்பதாயிரம். தங்கள் அலுவலகம் அன்புடன் அளித்த கல்வி உதவித்தொகை" என்று எழுதினேன். 'அன்புடன்' என்ற சொல் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதையும் மன்னிக்கவும்.

6. அதன் பலன் பார்வை 1-இல் உள்ளது. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துடன் நாற்பதாயிரத்தைக் கூட்டி, எங்கள் வருமானம் மூன்று லட்சத்து இருபதாயிரம் என்றும், உச்சவரம்பை இருபதாயிரம் மீறியதால் உதவித்தொகைக்குத் தகுதி இல்லை என்றும் தீர்ப்பாகிவிட்டது. அதாவது, உதவி பெற்றதால் எங்களுக்கு உதவி தேவைப்படவில்லை. இந்த முறையில் சென்றால் இந்த ஆண்டு உதவி இல்லாததால் அடுத்த ஆண்டு மீண்டும் தகுதி வந்துவிடும். அந்த உதவியைப் பெற்றதும் அதற்கடுத்த ஆண்டு போய்விடும். ஓராண்டு விட்டு ஓராண்டு ஏழையாக இருக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் நடக்கும் எக்ஸ்ரே படிப்பு எங்காவது இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.

7. தங்கள் அலுவலகத்தில் இரண்டாம் எண் ஜன்னலில் அமரும் பிரிவு எழுத்தர் அம்மையாரைச் சந்தித்தேன். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. காற்றாடி இல்லாத அறையில், ஒரு கால் உடைந்த நாற்காலிக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து அமர்ந்து, நான் சொன்னதை முழுதும் கேட்ட ஒரே அலுவலர் அவர். படிவத்தைப் பார்த்து அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். பின், "ஏன் சார் இதப் போய் எழுதினீங்க" என்றார். கேட்டிருந்ததால் எழுதினேன் என்றேன். அவர் பிறகு சிரிக்கவில்லை. கணினி ஏற்றுக்கொண்ட தொகையைத் தன்னால் மாற்ற முடியாதென்றும், இந்தத் தொகை வருமானமா இல்லையா என்று வரி அலுவலகம் சொன்னால் பார்க்கலாம் என்றும் கூறினார்.

8. வரி அலுவலகத்தைத் தேடி நான் போகும் சிரமத்தை அவர்கள் வைக்கவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள். தங்கள் கணினியும் அவர்கள் கணினியும் இந்த ஆண்டு முதல் சம்பந்தி ஆகிவிட்டனவாம். இந்த வீட்டுச் சமாச்சாரம் அந்த வீட்டுக்கு உடனே போய்விடுகிறது. மூன்று லட்சத்து இருபதாயிரம் வருமானமுள்ள நான் இருபதாயிரத்துக்கு வரி கட்டத் தவறியதாகவும், ஆயிரம் செலுத்த வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. ஆக, ஒரு துறை எனக்குக் கொடுத்த தருமத்துக்கு மற்றொரு துறை வரி கேட்டது. கொடுத்த துறையோ, வரி கட்டும் அளவுக்கு வளர்ந்தவனுக்குத் தருமம் எதற்கு என்றது.

9. என் தொழிலில் ஒரு சிறு காரியம் உண்டு. அதைச் சொல்ல அனுமதிக்கவும். மளிகைக் கடையில் எண்ணெய் நிறுக்கும்போது முதலில் வெறும் பாத்திரத்தைத் தட்டில் வைத்து டேர் என்ற பொத்தானை அழுத்துவார்கள். பாத்திரத்தின் எடை கழிந்து இயந்திரம் பூஜ்யம் காட்டும். அதன்பிறகே எண்ணெய் ஊற்றுவார்கள். அழுத்த மறந்தால் பாத்திரத்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டும். அப்படி மறக்கும் கடைக்காரருக்கு அபராதம் உண்டு. அலுவலகங்களுக்கு இல்லை என்பதை இம்முறை அறிந்துகொண்டேன்.

10. வரி அலுவலகத்தில் எனக்கு வாய்த்தவர் இளம் அதிகாரி. மேசைமேல் கோப்புகளை நூல் பிடித்ததுபோல் அடுக்கி வைத்திருந்தார். என் காகிதங்களைப் படித்துவிட்டு, இதில் தவறு இருப்பதாகத்தான் தமக்கும் தோன்றுகிறது என்றார். ஆனால் "முதல்ல கட்டிடுங்க. கட்டினாத்தான் ஆட்சேபணையே பதிவு பண்ண முடியும். அப்புறம் நான் சரிபண்ணித் தர்றேன்" என்றார். தவறு என்று நிரூபிக்க முதலில் அதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற இந்த விதியும் எனக்குப் புதிது. என் மனைவி கட்டக் கூடாது என்றாள். "நீங்க ஃபாரத்துல உண்மையைச் சொன்னதே போதும். இப்ப காசைக் கொடுத்து அதுக்குச் சாட்சியும் சொல்லாதீங்க" என்பது அவள் வாக்கு. நான் கட்டினேன். என் மனைவியைத் தங்கள் இயக்குநரகத்தின் ஆலோசகராக அமர்த்தினால் பல மனுக்கள் குறையும்.

11. அவள் சொன்னது மூன்றே நாளில் பலித்தது. ரசீதுடன் இரண்டாம் எண் ஜன்னலுக்கு வந்தபோது எழுத்தர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். விதி 14-இன்படி வருமான வரி செலுத்தும் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடையாது. அதுவரை என்மீது ஒரு குற்றம்தான் இருந்தது. ஆயிரம் கட்டி இரண்டாவதை வாங்கிக்கொண்டேன்.

12. வரி அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் எழுத வேண்டும். கல்லூரிக்கு நேரே போன இருபத்தெட்டாயிரம் வருமானமே அன்று, சாப்பாட்டுத் தொகை பன்னிரண்டாயிரம் மட்டும் வருமானம், ஆக மொத்தம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம், வரம்புக்குக் கீழ், வரி இல்லை, கட்டிய ஆயிரத்தைத் திருப்பித் தருக என்று ஆணையிட்டார். பார்வை 4 அதுவே. அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஓடி ஏறினேன். ஐம்பத்தொரு வயதில் அது சரியில்லை. அந்த ஆணை வரித் துறையின் விளக்கம் மட்டுமே என்றும், தங்கள் படிவத்துக்குத் தங்கள் படிவத்தின் சொல்லே செல்லும் என்றும் கூறப்பட்டது. அந்தச் சொல் எவ்வகையினும். வரி அலுவலகம் சொன்னால் பார்க்கலாம் என்றார்களே என்று கேட்டேன். பார்த்தாகிவிட்டதாம். அத்துடன், திரும்பி வரும் அந்த ஆயிரத்தையும் அடுத்த ஆண்டு ஒன்பதாம் கட்டத்தில் எழுத வேண்டுமாம். இந்த முறை கோடு போடலாமா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

13. ஐயா, இதுவரை எழுதியதில் குறும்பு இருந்தால் பொறுத்தருள்க. அழுகிற மனுக்கள் தங்களுக்கு நிறைய வரும் என்று நினைத்தேன். இனி நேராகச் சொல்கிறேன். இம்மாதம் 20-க்குள் கல்லூரிக் கட்டணம் போய்ச் சேராவிட்டால் மகளின் பெயரை மருத்துவமனைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பயிற்சி 21-இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறைதான். பயிற்சி இல்லாமல் சான்றிதழ் இல்லை. இடையில் நின்றவர்களை இந்தப் படிப்பில் திரும்பச் சேர்ப்பதும் இல்லை. இருபத்தெட்டாயிரத்தை ஒன்பது நாளில் புரட்ட எங்களிடம் வழி இல்லை. விற்கலாம் என்று கடையில் உள்ள பொருளைப் பார்த்தால், எல்லாமே மற்றவர்களின் தராசுகள்.

14. போன ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமலேயே, "நான் ஒரு லேப்ல வேலைக்குச் சேர்ந்துடறேம்ப்பா, படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஏற்கெனவே எங்கேயோ தனியாக அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் மனைவி எழுந்து வாளியை மாற்றப் போனாள். அது பாதிகூட நிறைந்திருக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுக்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். என் நேர்மைக்கு என் மகள் ஏன் கட்டணம் கட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

15. இதற்கு ஒரு வழி இருப்பதாக எழுத்தர் அம்மையார் நேற்றுச் சொன்னார். சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார். கணினியில் ஏறிய தொகையை இரண்டே வகையில் திருத்தலாம். ஒன்று, இயக்குநராகிய தங்கள் கைப்பட ஓர் உத்தரவு. தாங்கள் இம்மாதம் 18 வரை மாநாட்டில் இருக்கிறீர்கள். மற்றொன்று, விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் எழுதிவிட்டேன் என்று விண்ணப்பதாரரின் பெற்றோர் கையொப்பமிட்டுக் கொடுப்பது. அதற்கு அச்சடித்த தாளே இருக்கிறது. கொடுத்தால் அன்றே ஒன்பதாம் கட்டம் பூஜ்யமாகும், வரி கட்டிய பதிவும் அதோடு நீங்கும், உதவித்தொகை மறுநாள் கல்லூரிக்குப் போய்விடும். மாணவிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. உண்மைக்குத்தான் தங்கள் அலுவலகத்தில் மூன்று மாடி. பொய்க்கு ஒரே ஜன்னல்.

16. பாதிப்பு எனக்கு மட்டும். முத்திரை வைக்கும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, "அரசிடம் பொய்த் தகவல் அளித்ததாக எப்போதேனும் ஒப்புக்கொண்டது உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். ஆம் என்றால் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவன் திருகாணியைக் கழற்றலாம், முத்திரை வைக்க முடியாது. முத்திரை இல்லாத இயந்திரத்தை எந்தக் கடைக்காரரும் வாங்கிப்போக மாட்டார். உரிமம் போனால் என் வருமானம் போகும். வருமானம் போனால் எந்த உச்சவரம்பும் எங்களைத் தொடாது. தங்கள் விதிகளை வகுத்தவர்கள் இவ்வளவு தூரம் யோசித்திருப்பார்கள் என்று நான் முதலில் நினைக்கவில்லை.

17. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: பார்வை 4-இல் உள்ள வரி அலுவலக ஆணையை ஏற்று, ஒன்பதாம் கட்டத்தில் உள்ள நாற்பதாயிரத்தை நீக்கி, இம்மாதம் 20-க்குள் கட்டணம் கல்லூரிக்குச் சேரும்படி தங்கள் கைப்பட ஓர் உத்தரவு. ஒரு வரி போதும். முடிந்தால் அடுத்த படிவத்தில் எவ்வகையினும் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "இந்த உதவித்தொகை நீங்கலாக" என்று சேர்க்கவும். மூன்று சொல்தான். எனக்கு இனி அது பயன்படாது. என்னைப்போல் கேட்டதற்குப் பதில் எழுதிவிடும் வேறு யாராவது வருவார்கள்.

18. இத்துடன் ஓர் உறை இணைத்துள்ளேன். அதில் அந்த அச்சடித்த தாள் இருக்கிறது. ஒன்பதாம் கட்டத்தில் நான் எழுதியது பொய் என்று நான் கையொப்பமிட்டது. தேதி மட்டும் போடவில்லை. 19-ஆம் தேதி மாலை வரை தங்கள் உத்தரவு வராவிட்டால், எழுத்தர் அம்மையார் அந்த உறையைப் பிரித்துத் தேதி போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சீட்டை அவர் வாங்க மறுத்தார். மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். என் மனைவிக்கும் மகளுக்கும் இது தெரியாது. உறை பிரிக்கப்பட்டால், உதவித்தொகை முறைப்படி கிடைத்தது என்று மட்டும் அவர்களுக்கு எழுதவும். அவள் எப்படியும் கண்டுபிடிப்பாள். பயிற்சி முடிந்தபின் கண்டுபிடித்தால் போதும்.

இம்மாதம் 19-ஆம் தேதி மாலை வரை,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
எடை இயந்திரம் பழுதுபார்ப்பவர்

இடம்: கடை
நாள்: இம்மாதம் 11, செவ்வாய்

இணைப்பு: பார்வையில் கண்ட நான்கு தாள்களின் நகல்கள், ஒட்டிய உறை ஒன்று.